வானத்துக்கு ஒரே வேலியா?

(மறைமலைநகரில் நடந்த பட்டிமன்றத்தில், 'சிறு ட்ரோன்களுக்கு அவரவர் நாட்டுச் சட்டமே சரி' என்ற அணியில் பேசியது. எதிரணியின் கட்சி: 'உலகம் முழுமைக்கும் ஒரே சட்டம் வேண்டும்.')

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! இவ்வளவு நேரமாக வானத்திலேயே மிதந்துகொண்டிருந்த எதிரணி நண்பர்களே! கீழே தரையில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிற மறைமலைநகர்ப் பெரியோர்களே, தாய்மார்களே! 

இந்த ஊரில் வந்து பேசுவதற்கு எனக்குக் கொஞ்சம் பயம். வேதாசலம் என்ற தன் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்ட அடிகளார் பேரில் இருக்கிற ஊர். இங்கே மைக் முன்னால் நின்று 'ட்ரோன்', 'ரிமோட்', 'பேட்டரி' என்று பேசினால் அவர் மன்னிப்பாரா? ஆனால் நான் என்ன செய்ய? பத்திரிகைக்காரர் 'ஆளில்லா விமானம்' என்கிறார். தொலைக்காட்சியில் 'குட்டி விமானம்' என்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் வீடியோ எடுக்கிற தம்பி 'ஹெலிகேம்' என்கிறான். ஒரே தமிழ்நாட்டுக்குள்ளே ஒரு சாமானுக்கு ஒரே பேர் வைக்க முடியவில்லை; எதிரணித் தலைவர் உலகத்துக்கே ஒரே சட்டம் வைக்கக் கிளம்பிவிட்டார்! (சிரிப்பு)

பேர்தான் புதுசு, நடுவர் அவர்களே. நினைப்பு நமக்குப் பழசு. புறநானூற்றில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளியைப் பாடும்போது, ஓட்டுகிறவன் இல்லாமலே போகிற வான ஊர்தியைச் சொல்கிறார். ஆனால் அதில் எல்லாரும் ஏறிவிட முடியாது. புலவர் பாடுகிற அளவுக்குப் புகழ் இருந்தால்தான் அந்த ஊர்தி கிடைக்கும். அதாவது அன்றைக்கே லைசென்ஸ் இருந்திருக்கிறது! (கைதட்டல்)

சரி, வாதத்துக்கு வருகிறேன். எதிரணியில் பேராசிரியர் என்ன சொன்னார்? "249 கிராம் ட்ரோன் டோக்கியோவிலும் 249 கிராம்தான், திண்டிவனத்திலும் 249 கிராம்தான். புவியீர்ப்பு எல்லா ஊருக்கும் ஒன்று. பிறகு சட்டம் மட்டும் ஏன் ஊருக்கு ஊர் வேறு?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நானும் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள்தான். புவியீர்ப்பைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொன்னால் கை தானாகத் தட்டும்.

ஆனால் அந்த 250 கிராம் எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்லவில்லையே! நான் சொல்கிறேன். 2015-இல் அமெரிக்காவில், எந்த ட்ரோனைப் பதிவு செய்ய வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள். அவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். 80 ஜூல் ஆற்றலோடு ஒரு பொருள் மனிதன் தலையில் விழுந்தால், நூற்றுக்கு முப்பது பங்கு உயிருக்கு ஆபத்து என்று வைத்துக்கொண்டார்கள். கால் கிலோ ட்ரோன் பழுதாகி விழுந்தால் விநாடிக்கு 25 மீட்டர் வேகம் வரும். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தோடு பெருக்கிப் பாருங்கள், 78 ஜூல் வரும். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. அதனால்தான் 250.

இந்த 80 ஜூல் எவ்வளவு என்று புரியவில்லை என்றால், ஒரு கிலோத் தேங்காய் பத்து மீட்டர் மரத்திலிருந்து விழுந்தால் 98 ஜூல். இங்கிருந்து கோவளம் வரை வீட்டுக்கு வீடு தென்னை மரம். எந்த நாட்டிலும் தென்னை மரத்துக்குப் பதிவு எண் கிடையாது! (சிரிப்பு)

இப்போது கவனியுங்கள். அந்தக் குழுவின் கணக்கு அதோடு முடியவில்லை. விழுகிற ட்ரோன் யார் தலையிலாவது விழ வேண்டுமே? அதற்காக ஒரு சதுர மைலுக்கு எத்தனை ஜனங்கள், அதில் எத்தனை பேர் கூரை இல்லாத வெளியில் நிற்பார்கள் என்று ஓர் எண்ணையும் அதில் போட்டார்கள். நடுவர் அவர்களே, அந்த எண்ணை வைத்துக்கொண்டு தீபாவளிக்கு முதல் ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவுக்கு வாருங்கள்! அங்கே ட்ரோன் வேண்டாம், ஒரு கர்ச்சீப் விழுந்தாலே நாலு பேர் தலையில் பட்டுத்தான் தரைக்கு வரும். (சிரிப்பு, கைதட்டல்) புவியீர்ப்பு எல்லா ஊருக்கும் ஒன்றுதான், பேராசிரியர் அய்யா. கீழே நிற்கிற தலைகள் ஒன்றா? சட்டம் விழுகிற பொருளுக்கு இல்லை, கீழே நிற்கிற தலைக்கு.

இதற்கு இன்னும் ஒரு ருசியான சாட்சி இருக்கிறது. 2019 கடைசியில் சீனாவின் டி.ஜே.ஐ. கம்பெனி 'மேவிக் மினி' என்று ஒரு சின்ன ட்ரோன் கொண்டுவந்தது. எடை 249 கிராம். ஏன் 249? 250-க்கு ஒரு கிராம் கீழே நின்றுகொண்டால் அமெரிக்காவில் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுகிறவர் பதிவு செய்ய வேண்டாம். நம்ம ஊரில் இட்லிக் கடைக்காரர் மாவைத் தட்டில் ஊற்றுவது போல அளந்து செய்திருக்கிறார்கள். ஆனால் ஜப்பானில் அப்போது கோடு 200 கிராமில் இருந்தது. கம்பெனிக்காரன் என்ன செய்தான் தெரியுமா? 'உலகத்துக்கு ஒரே சட்டம் வரட்டும், அப்புறம் விற்கிறேன்' என்று உட்கார்ந்திருந்தானா? பேட்டரியைச் சின்னதாக்கி, 199 கிராமில் ஜப்பானுக்கென்றே தனியாக ஒன்று செய்து விற்றான். வியாபாரிக்குப் புரிந்தது நம்ம எதிரணிக்குப் புரியவில்லை!

ஜப்பான்காரன் ஏன் அப்படிப் பயந்தான்? 2015 ஏப்ரலில் டோக்கியோவில் பிரதம மந்திரி அலுவலகத்து மொட்டை மாடியில் ஒரு ட்ரோன் கிடந்தது. அதில் லேசான கதிரியக்கம் உள்ள மணல். ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. நாட்டின் நடு மண்டையில் போய் உட்கார்ந்திருக்கிறது, எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது! அந்த வருஷம் டிசம்பரிலேயே சட்டம் வந்துவிட்டது. ஜன நெருக்கமான பகுதிகளுக்கு மேலே அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாது, 150 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். 2022 ஜூனில் கோட்டை இன்னும் கீழே இறக்கினார்கள். 100 கிராமுக்கு மேல் எல்லாம் பதிவு. அந்த 199 கிராம் ட்ரோனும் மாட்டிக்கொண்டது.

இங்கிலாந்துக்கு வாருங்கள். 2018 டிசம்பர், கிறிஸ்துமஸ் நேரம். லண்டன் பக்கத்தில் கேட்விக் விமான நிலையம். ஓடுபாதை அருகே ட்ரோன் தெரிகிறது என்றார்கள். ஏறக்குறைய ஆயிரம் விமானங்கள் பாதிக்கப்பட்டன. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பயணிகள் தவித்தார்கள். செய்தவர் யார் என்று இன்றைக்கு வரைக்கும் நிரூபிக்கப்படவில்லை. விமான நிலையத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் என்று இருந்த தடையை 2019 மார்ச்சில் 5 கிலோமீட்டர் ஆக்கினார்கள். 2026 ஜனவரி 1 முதல் 100 கிராம் ட்ரோனைப் பறக்கவிடவும் பரீட்சை எழுதி எண் வாங்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள்.

இலங்கை! நமக்குக் கூப்பிடு தூரம். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டுவெடிப்பு. 250 பேருக்கு மேல் மாண்டார்கள். நாலு நாளுக்குள் நாடு முழுதும் ட்ரோன் அனுமதிகளை எல்லாம் நிறுத்தி வைத்தார்கள். எதிரணியில் ஒரு தம்பி கேட்டார், "அந்தக் குண்டுவெடிப்பில் ட்ரோனே இல்லையே, அதை ஏன் நிறுத்த வேண்டும்?" என்று. நியாயமான கேள்வி. ஆனால் தம்பி, எழவு விழுந்த வீட்டில் பக்கத்து வீட்டுக்காரன் ரேடியோவை நிறுத்துகிறான் இல்லையா? ரேடியோவா ஆளைக் கொன்றது? அடுத்து என்ன வருமோ என்று நாடே நடுங்குகிற நேரத்தில், தலைக்கு மேலே ஒரு ரீங்காரம் கேட்டால் ஜனங்கள் எப்படி ஓடுவார்கள்? அந்த முடிவை நாலு நாளில் கொழும்பு எடுக்கலாம். மான்ட்ரியலில் உட்கார்ந்திருக்கிற உலக அமைப்பு எடுக்குமா? முதல் கூட்டத்துக்கு நாள் குறிக்கவே நாலு மாதம் ஆகும்!

அபுதாபியும் அப்படித்தான். 2022 ஜனவரி 17-இல் அங்கே ட்ரோன் தாக்குதல். மூன்று பேர் இறந்தார்கள், அதில் இரண்டு பேர் நம்ம இந்தியர்கள். அந்த வாரமே பொழுதுபோக்கு ட்ரோனுக்கு நாடு முழுதும் தடை போட்டார்கள். பிறகு 2025-இல் தளர்த்தத் தொடங்கினார்கள்.

ஆகவே ஒவ்வொரு நாட்டுச் சட்டத்தையும் திருப்பிப் பாருங்கள், பின்னால் ஒரு தழும்பு இருக்கும். என் காலில் முள் குத்தினால் நான்தான் நொண்டுவேன். எனக்காக எதிர்வீட்டுக்காரர் நொண்ட வேண்டும் என்று சட்டம் போட முடியுமா?

"இப்படியே பயந்து பயந்து போட்டால் அது சட்டமா? பீதி!" என்றார் எதிரணித் தலைவர். அய்யா, பயந்தால் மூடுவது மட்டும்தான் நடக்கும் என்று யார் சொன்னது? நம் நாட்டைப் பாருங்கள். இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நடுவர் அவர்களே, மணியை இப்போதே தொட்டுவிடாதீர்கள்!

2014 அக்டோபர் 7-ஆம் தேதி விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஓர் அறிவிப்பு விட்டது. விதிகள் வரும் வரைக்கும் யாரும் பறக்கவிடக் கூடாது. விதி எப்போது வந்தது? 2018 டிசம்பர் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. நாலு வருஷம்! அதே 2018-இல் என்ன நடந்தது தெரியுமா? நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்‌ஷா' குழு, நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்தாரே, அந்தக் குழு, ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தில் போய் மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கிவந்தது. (பலத்த கைதட்டல்) நம்ம பிள்ளைகள் கடல் தாண்டிப் போய்ப் பரிசு வாங்குகிறார்கள். அதே வருஷம் இங்கே ஒரு பையன் சொந்த ஊர் ஏரிக்கரையில் பறக்கவிட வழியில்லை. அது நல்ல சட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். மோசமான சட்டம். விதி எழுதத் தெரியாமல் கதவைச் சாத்திய சட்டம்.

ஆனால் அதைத் திருத்தியது யார்? 2021 மார்ச் 12-இல் புதிய விதிகள் வந்தன. 25 படிவம், 72 வகைக் கட்டணம்! கல்யாணத்துக்குச் சீர் வரிசை எழுதினால் கூட அவ்வளவு வராது. எல்லாரும் சத்தம் போட்டார்கள். அந்த நேரத்தில், ஜூன் 27-ஆம் தேதி, ஜம்முவில் விமானப்படை நிலையத்தின் மேல் ட்ரோன் வந்து குண்டு போடுகிறது. இந்திய மண்ணில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. எதிரணி சொல்வது போல அது பீதிச் சட்டமாக இருந்தால், அன்றைக்கே எல்லாவற்றையும் பூட்டியிருக்க வேண்டும். என்ன ஆயிற்று? இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 25-இல், ட்ரோன் விதிகள் 2021 வருகிறது. 25 படிவம் ஐந்தாகிறது. 72 கட்டணம் நாலாகிறது. அடி வாங்கிய இரண்டாவது மாதம் கதவைத் திறந்த நாடு இது! மார்ச்சில் போட்டதை ஆகஸ்டில் கிழித்துப் போட்டு வேறு எழுத முடிந்ததே, ஏன்? நம் சட்டம் என்பதால். உலகச் சட்டமாக இருந்தால் நூற்றுத் தொண்ணூறு நாடும் கையெழுத்துப் போட வேண்டாமா?

இதில் மறைமலைநகருக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. அந்த விதிகளுக்கு முன்னால், கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதி கேட்க வேண்டிய மஞ்சள் மண்டலம் விமான நிலையத்தைச் சுற்றி 45 கிலோமீட்டர் வரை நீண்டிருந்தது. இந்த மேடையிலிருந்து மீனம்பாக்கம் நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டருக்குள். அதாவது உங்கள் மொட்டை மாடி, செங்கல்பட்டில் மாமியார் வீட்டு மாடி, எல்லாம் மஞ்சள். ஆகஸ்டில் அதை 12 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். மீனம்பாக்கத்துக் கணக்கில் நம்ம ஊர் மஞ்சளிலிருந்து வெளியே வந்தது. மறைமலைநகர் மொட்டை மாடியைப் பற்றி உலக மாநாட்டில் யார் பேசியிருப்பார்கள்? (கைதட்டல்)

உடனே வீட்டுக்குப் போய் ஏற்றிவிடாதீர்கள். 'டிஜிட்டல் ஸ்கை' தளத்தில் வரைபடம் இருக்கிறது, பார்த்துவிட்டு ஏற்றுங்கள். பச்சை என்றாலும் 400 அடிக்கு மேல் போகக் கூடாது. தலைவர்கள் வருகிற நாளில் போலீஸ் சூப்பிரண்டு ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரைக்கும் தற்காலிகச் சிவப்பு மண்டலம் போடலாம். விதியை மீறினால் அபராதம் ஒரு லட்சம் வரைக்கும் போகும்.

அடுத்து, எதிரணித் தோழியர் ஒருவர் ஐரோப்பாவைக் காட்டினார். "27 நாடு சேர்ந்து 2020 டிசம்பர் 31 முதல் ஒரே ட்ரோன் சட்டம் வைத்துக்கொண்டதே" என்றார். அம்மா, அந்தச் சட்டத்தை முழுசாகப் படித்தீர்களா? எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்கிற வரைபடத்தை ஒவ்வொரு நாடும் தானே வரைந்துகொள்ளலாம் என்று அதிலேயே இருக்கிறது. வயசு 16 என்று போட்டுவிட்டு, வேண்டுமானால் உங்கள் நாட்டில் குறைத்துக்கொள்ளுங்கள் என்றும் இருக்கிறது. தட்டு ஒன்று, சாப்பாடு அவரவர் வீட்டிலிருந்து! எங்கள் வீட்டில் டி.வி. ரிமோட் யார் கையில் இருக்கலாம் என்பதற்கு முப்பது வருஷமாக ஒரே சட்டம் வரவில்லை. எங்க வீட்டுக்காரர் முன்வரிசையில்தான் இருக்கிறார், கேட்டுப் பாருங்கள். (சிரிப்பு)

உயரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா, இந்தியா 400 அடி. ஐரோப்பா 120 மீட்டர், அதுவும் அதே கணக்குதான். ஏன் 400? ஆள் ஓட்டுகிற விமானம் பொதுவாக 500 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. நடுவில் நூறு அடி இடைவெளி. சிங்கப்பூரில் மட்டும் 200 அடி தாண்டினாலே அனுமதி வேண்டும். விமான நிலையத்துக்கு 5 கிலோமீட்டருக்குள் என்றாலும் அனுமதி வேண்டும். ஏன்? அந்தத் தீவு கிழக்கு மேற்காகவே ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். தாம்பரத்தில் ஏறி மதுராந்தகத்தில் இறங்கினால் நாடு முடிந்துபோயிற்று! அதற்குள் சாங்கி விமான நிலையம், விமானப்படைத் தளங்கள் எல்லாம் இருக்கின்றன. 2019 ஜூனில் ட்ரோன் நடமாட்டத்தால் சாங்கியில் விமானங்கள் தாமதமாயின. அவன் 400 அடி கொடுத்தால் வானம் தாங்குமா? நாம் 200 அடி என்று வைத்தால் ராமநாதபுரத்துப் பொட்டல் காட்டில் அதற்கு என்ன அர்த்தம்?

"விமானத்துக்கு மட்டும் உலகச் சட்டம் இருக்கிறதே" என்று மடக்கினார் பேராசிரியர். இருக்கிறது. 1944 டிசம்பர் 7-இல் சிகாகோவில் போட்ட உடன்படிக்கை. நான் அவரை அதே புத்தகத்தில் எட்டாவது பிரிவைத் திறக்கச் சொல்கிறேன். விமானி இல்லாமல் பறக்கக்கூடிய விமானம் எதுவும் ஒரு நாட்டின் மேல் விமானி இல்லாமல் பறக்க வேண்டுமென்றால், அந்த நாட்டின் தனி அனுமதி வேண்டும் என்று அதில் இருக்கிறது. கேமரா ட்ரோன் கனவில்கூட இல்லாத காலம் அது. உலகப் போர் முடியவில்லை. அப்போதே, உலகத்துக்கு ஒரே சட்டம் எழுத உட்கார்ந்த பெரியவர்களே, இந்த ஒரு விஷயத்தை மட்டும் 'அவரவர் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொள்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்! (பலத்த கைதட்டல்)

உலகம் கிடக்கட்டும். நம்ம செங்கல்பட்டு மாவட்டத்தைப் பார்ப்போமா? ஒரே ட்ரோன், ஒரே பையன், ஒரே பைக். காலையில் கிளம்புகிறான். கல்பாக்கம் பக்கம் போனால் அணுமின் நிலையம். அங்கே பறக்கவிடும் பேச்சே இல்லை. மாமல்லபுரம் வந்தால் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம். 1984-இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற இடம். தொல்லியல் துறை அனுமதி இல்லாமல் அவற்றின் மேலே பறக்க முடியாது. அமெரிக்காவிலும் இதே பாடம்தான். அங்கே தேசியப் பூங்காக்களில் 2014-இல் தடை போட்டார்கள். அந்த ஆகஸ்டிலேயே ஒரு சுற்றுலாப் பயணியின் ட்ரோன் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுக்குள் விழுந்து, மூவாயிரம் டாலருக்கு மேல் கட்டினார். இங்கே ஆயிரத்து முந்நூறு வருஷச் சிற்பத்தின் மூக்கில் இடித்தால் எந்த டாலர் அதை ஒட்டவைக்கும்?

சரி என்று பையன் தாம்பரம் திரும்பினால் விமானப்படைத் தளம். வேடந்தாங்கல் போனால் பறவைகள். முட்டையிட்டு அடைகாக்கிற நேரத்தில் மேலே ஒரு ரீங்காரம் போனால் தாய்ப்பறவை எழுந்து ஓடாதா? வேடந்தாங்கலில் அந்த வானத்துக்கு ஊர்க்காரர்கள் எப்போது சட்டம் வாங்கினார்கள் தெரியுமா? 1798-இல்! வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட, ஜனங்கள் அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் நின்று, இந்த ஏரியில் யாரும் சுடக்கூடாது என்று ஆணை வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். ஊருக்கு அதன் அருமை தெரியும். லண்டன்காரனுக்குத் தெரியுமா? வானத்துக்கு உள்ளூர்ச் சட்டம் எழுதுவதில் நாம் இருநூறு வருஷ சீனியர்! (கைதட்டல்)

பட்டம் இல்லையா? 1934-ஆம் வருஷ விமானச் சட்டம் 2024 கடைசி வரைக்கும் இருந்தது. அதன் விளக்கத்தில் பட்டமும் விமானத்தில் சேர்த்திதான். சென்னையில் மாஞ்சா நூலோடு பட்டம் விட்டால் போலீஸ் பிடிக்கும், ஏனென்றால் பைக்கில் போகிறவர்களின் கழுத்தை அது அறுத்திருக்கிறது. அதே பட்டத்துக்கு 2022 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் சர்வதேசத் திருவிழாவே எடுத்தார்கள். ஒரு மணி நேரப் பயணத்தில் குற்றம் திருவிழா ஆகிறது. அது முரண்பாடா? இல்லை. அங்கே தெருவும் கழுத்தும் இருக்கின்றன. இங்கே கடலும் காற்றும் இருக்கின்றன.

இப்போது எதிரணிக்கு ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்கப் போகிறேன். சட்டம் வேறு வேறாக இருப்பதால் பயணிக்குக் கஷ்டம்தான். மொராக்கோவில் இறங்கினால் சுங்கத்திலேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள். எகிப்தில் 2017-ஆம் வருஷச் சட்டப்படி ராணுவ அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். இலங்கையில் பதிவுக் கோடு 200 கிராம், அமெரிக்காவில் 250. ஆனால் இதற்கு மருந்து ஒரே சட்டம் இல்லை. கிளம்புகிறதற்கு முன்னால் ஒரு போன். சிங்கப்பூரில் இருக்கிற எங்க அக்கா மகன் போன பொங்கலுக்கு வரும்போது, "சித்தி, ட்ரோன் கொண்டு வரட்டுமா?" என்று கேட்டான். "வேண்டாம் கண்ணு. வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு இங்கே 2022 பிப்ரவரியிலிருந்து தடை. நீ வா, அது அங்கேயே இருக்கட்டும்" என்றேன். வந்தான், வெண்பொங்கல் சாப்பிட்டான், போனான். யாருக்கும் நஷ்டமில்லை.

அந்த இறக்குமதித் தடை எனக்கு உடன்பாடா என்று கேட்டால், முழுசாக இல்லை. உதிரி பாகத்தை இறக்கலாம், முழு ட்ரோன் கூடாது என்கிறார்கள். தானே பூட்டிக் கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு அது நல்லது. ஆனால் பத்தாம் வகுப்புப் பையன் முதல் முதலாக ஆசைப்பட்டு வாங்குகிற சின்னப் பொருளுக்கும் அதே தடை என்றால் கொஞ்சம் அதிகம். நான் அதை டெல்லியில் சொல்லித் திருத்த முடியும். ஓட்டுப் போடுகிறேன், மனுப் போடுகிறேன். உலகச் சட்டமாக இருந்தால் யாரிடம் போய் மனுப் போடுவது?

இன்னொன்று. நம்ம விதிப்படி 250 கிராம் வரைக்கும் உள்ள ட்ரோனுக்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம். 2 கிலோ வரைக்கும் உள்ளது, சம்பாதிப்பதற்கு இல்லை, ஆசைக்குத்தான் என்றால் அதற்கும் வேண்டாம். ஆனால் அதே எடையை வைத்துக் கல்யாணத்தில் ஹெலிகேம் எடுத்துக் காசு வாங்கினால் சான்றிதழ் வேண்டும். இது கல்யாண வீடியோ எடுக்கிற தம்பிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? கடற்கரையில் வந்து "ஏய், என்னடா அது, கீழே இறக்கு" என்று அதட்டுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் பள்ளிப் பையன் ஒருவன், 249 கிராம் ட்ரோனைக் கையில் வைத்துக்கொண்டு, விதிப் புத்தகத்தின் அச்சுத்தாளையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறான். கேட்டால் எடுத்து நீட்டுவான். "மிஸ், ட்ரோனை விட இந்தப் பேப்பருக்குத்தான் சார்ஜ் நிறைய நிற்குது" என்கிறான்! (சிரிப்பு, கைதட்டல்)

அந்தத் தாள் தமிழில் வேண்டும், நடுவர் அவர்களே. ஒவ்வொரு காவல் நிலையத்திலும், ஒவ்வொரு ஸ்டூடியோவிலும் ஒட்டி வைக்க வேண்டும். எதிரணியினர் உலக மாநாட்டுக்கு டிக்கெட் வாங்கப் போகிற காசில் அதை அச்சடிக்கலாம். அடிகளார் பேர் வைத்த ஊரிலிருந்தே முதல் தாள் வரட்டும். ட்ரோனுக்கு நல்ல தமிழ்ப் பேர் என்ன என்பதையும் இவர்களே முடிவு செய்து போடட்டும்!

மணி அடித்துவிட்டார்கள். சிகாகோ உடன்படிக்கையின் எட்டாவது பிரிவுக்குப் பேராசிரியர் இன்னும் பதில் சொல்லவில்லை. தொகுப்புரையில் அவர் சொல்கிறாரா என்று நடுவர் அவர்கள் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.  (பலத்த கைதட்டல்)